மடியில் கிடத்திய கிட்டாரும் ப்ளூஸின் காந்தாரமும்

ப்ளூஸ் இசையில் கிட்டார் பெற்ற இடத்தைப் பேசும் நூல்கள் பெரும்பாலும் மிசிசிப்பி டெல்டாவில் தொடங்கி, கண்ணாடிப் புட்டியின் கழுத்துத் துண்டை விரலில் மாட்டிக்கொண்டு தந்திகளின்மேல் வழுக்கி வாசித்த கலைஞர்களின் வழியே சிகாகோவை அடைந்து முடிகின்றன. அதே காலத்தில் டெக்சஸ், லூசியானா, ஜார்ஜியா மாநிலங்களின் கறுப்பினக் கலைஞர்கள் சிலர் கிட்டாரை மடியில் மல்லாக்கக் கிடத்தி, இடக்கையில் பிடித்த உலோகத் துண்டால் தந்திகளைத் தொட்டு வாசித்தார்கள் என்பதும், அவர்களுடைய பாடல்கள் டெல்டாவின் புகழ்பெற்ற பாடகர்களுக்கே மூலமாக இருந்தன என்பதும் அந்நூல்களில் ஓரிரு வரிகளில் கடந்துபோகின்றன. இந்த மடி மரபின் அழகும் அதன் எல்லைகளும் அது கையாண்ட சுருதி அமைப்புகளில் அடங்கியிருப்பதால், அவற்றை விளங்கிக்கொள்ளாமல் அந்த மரபை மதிப்பிட இயலாது.

கிட்டாரை வழக்கமான முறையில் மார்போடு அணைத்துப் பிடிப்பவர் இடக்கை விரல்களால் தந்திகளை வெவ்வேறு மெட்டுகளில் அழுத்தி, பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் கூட்டை, அதாவது கார்டை, தமக்கு வேண்டியபடி அமைத்துக்கொள்ளலாம். புட்டிக் கழுத்தைச் சுண்டுவிரலில் மாட்டியிருப்பவருக்குக்கூட மற்ற மூன்று விரல்கள் மிச்சமிருக்கின்றன. லேப் ஸ்டீல் எனப்படும் மடி கிட்டாரிலோ தந்திகள் பலகையிலிருந்து உயர்த்திக் கட்டப்பட்டிருக்கும். மெட்டுகள் இருந்தாலும் அவை கண்ணுக்கு அடையாளக் கோடுகளாக மட்டுமே பயன்படும். தந்தியைப் பலகையோடு அழுத்துவதென்பதே அங்கு இல்லை. ஸ்டீல் என்று வாசிப்பவர்கள் அழைக்கும் நேரான உலோகத் துண்டு ஆறு தந்திகளையும் ஒரே கோட்டில் தொடுவதால், தந்திகளுக்கிடையே முன்கூட்டி எந்த உறவு ஏற்படுத்தப்பட்டிருக்கிறதோ அதே உறவுதான் எல்லா இடத்திலும் ஒலிக்கும். ஆகவே மடி கிட்டாரில் சுருதி கூட்டுவது வாசிப்புக்கு முந்திய ஆயத்த வேலையாக நின்றுவிடுவதில்லை. எந்தக் கார்டு கிடைக்கும், எது கிடைக்காது, எந்த ஸ்வரத்துக்கு எப்படி வழுக்கிச் செல்லலாம் என்பவை அனைத்தும் தந்தியை முறுக்கும்போதே தீர்மானமாகிவிடுகின்றன.

இம்முறையின் பிறப்பிடமாக ஹவாய்த் தீவுகள் கருதப்படுகின்றன. 1830களில் கால்நடை மேய்ப்புக்காக அங்கு வரவழைக்கப்பட்ட மெக்சிகோ மேய்ப்பர்களோடு கிட்டார் வந்து சேர்ந்தது. தீவினர் அதன் தந்திகளைத் தளர்த்தி, விரலால் எதையும் அழுத்தாமலே இனிய கார்டு ஒலிக்கும்படி சுருதி கூட்டிக்கொண்டார்கள். 1874இல் ஒவாஹு தீவின் லாயியே ஊரில் பிறந்த ஜோசப் கெகுகு, பள்ளி மாணவராக இருந்தபோதே அவ்வாறு தளர்த்திய தந்திகளின்மேல் உருக்குத் துண்டை வழுக்கி வாசிக்கும் முறையை வளர்த்தெடுத்தார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. அவர் 1904இல் அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போனார். 1912இல் நியூயார்க்கில் மேடையேறிய ‘பேர்ட் ஆஃப் பாரடைஸ்’ நாடகமும், 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் பொருட்காட்சியும் ஹவாய் இசையை நாடு முழுவதும் பித்தாக்கின. அதன் தொடர்ச்சியாக ஹவாய்க் குழுக்கள் தெற்கத்திய மாநிலங்களின் கூடாரக் கொட்டகைகளிலும் வாசித்தன. மலிவான கிட்டார்களோடு தந்தியை உயர்த்தும் சிறு உலோகத் துண்டும் ஸ்டீலும் விற்பனைக்கு வந்தன.

கறுப்பின மக்களின் வழுக்கு வாசிப்பு முழுவதும் ஹவாயிலிருந்து வந்ததா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்தில் இல்லை. ப்ளூஸைத் தாளில் எழுதிப் பரப்பியவரான டபிள்யூ. சி. ஹேண்டி, மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் 1903 வாக்கில் ஒருவர் கத்தியைத் தந்தியில் வைத்து வாசிக்கக் கேட்டதாகத் தம் தன்வரலாற்றில் எழுதி, அதை ஹவாய்க் கலைஞர்களின் முறையோடு ஒப்பிட்டார். ஆனால் அந்த நூல் வெளிவந்தது 1941இல். ஹவாய் இசையை நாடே அறிந்துவிட்ட பிறகு எழுதப்பட்ட ஒப்பீட்டை நேரடிச் சான்றாகக் கொள்வதில் இடர் உண்டு. மறுபுறம், துடைப்பத்தைக் கட்டும் கம்பியைப் பிரித்து வீட்டுச் சுவரில் ஆணியடித்து இழுத்துக்கட்டி, புட்டியை வழுக்கி வாசிக்கும் ஒற்றைத் தந்திக் கருவி தென்மாநிலச் சிறுவர்களிடையே வழக்கில் இருந்தது. டிட்லி போ எனப்படும் அக்கருவியின் உறவினங்கள் மேற்கு, நடு ஆப்பிரிக்காவில் இருப்பதை டேவிட் எவன்சும் கெர்ஹார்ட் குபிக்கும் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஜான் டிரவுட்மன் 2016இல் வெளியிட்ட ‘கீகா கீலா’ என்னும் நூலோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே ஹவாய்க் கலைஞர்கள் தெற்கில் பயணம் செய்ததைக் காட்டி, அவர்களுக்கு உரிய பங்கை ப்ளூஸ் வரலாறு மறுத்துவிட்டது என்று வாதிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று விலக்கவேண்டிய கருத்துகள் அல்ல. ஒற்றைத் தந்தியில் குரலைப் பின்தொடரும் பழக்கம் ஏற்கெனவே காதில் ஊறியிருந்த மக்களுக்கு, ஆறு தந்தியும் ஒரு கார்டாக ஒலிக்கும் ஹவாய்க் கருவி கைக்குக் கிடைத்தபோது நிகழ்ந்த சேர்க்கையே மடி ப்ளூஸ் என்று கொள்வதுதான் இசையின் அமைப்போடு பொருந்துகிறது. ஏனெனில் ப்ளூஸின் இசையமைப்பில் ஒற்றைத் தந்தியின் குணமும் திறந்த கார்டின் குணமும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கின்றன.

தமிழ் வாசகருக்கு இவ்விடத்தில் சித்திரவீணை என்றும் அழைக்கப்படும் கோட்டுவாத்தியம் நினைவுக்கு வருவது இயல்பு. ஹவாயில் வழுக்கு வாசிப்பைத் தொடங்கியவர் இந்தியாவில் பிறந்த கேப்ரியல் டேவியான் என்பவரே என்று ஒரு வாய்மொழிச் செய்தியும் உண்டு. அதை மட்டும் வைத்துக்கொண்டு சித்திரவீணையிலிருந்து மடி கிட்டாருக்கு வம்சாவளி வரைவது முறையாகாது. ஆயினும் ஒப்பீடு வேறொரு வகையில் பயன்படும். திருவிடைமருதூர் சகாராம ராவ் கைக்கொண்டு வளர்த்த அந்தக் கருவியின் வாசிப்புத் தந்திகள் சட்ஜத்திலும் பஞ்சமத்திலும் மட்டுமே கூட்டப்படுகின்றன; காந்தாரத்துக்கென்று தனித் தந்தி கிடையாது. எந்தக் காந்தாரம், அது எந்த அசைவோடு வரவேண்டும் என்பதை ராகம் தீர்மானிக்க, தந்திகளின்மேல் வழுக்கும் கட்டை அதை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறப்பிக்கிறது. மடி கிட்டாரின் திறந்த சுருதி அமைப்பில் காந்தாரம் ஒரு தந்தியாக முன்பே கட்டப்பட்டுக் காத்திருக்கிறது. ப்ளூஸுக்கு அதனால் ஒரு சிக்கல் நேர்கிறது. அந்தச் சிக்கலிலிருந்துதான் இதன் நயங்கள் பலவும் பிறந்தன.

ப்ளூஸ் பாடகரின் மூன்றாம் ஸ்வரம் சாதாரண காந்தாரத்திலும் நிற்பதில்லை, அந்தர காந்தாரத்திலும் நிற்பதில்லை. இரண்டுக்கும் இடையே ஏறி இறங்குகிறது. ஏழாம் ஸ்வரமும் கைசிகி நிஷாதத்தை ஒட்டி அவ்வாறே அசைகிறது. ஜெஃப் டோட் டைட்டன் தொடக்கக்கால நாட்டுப்புற ப்ளூஸ் இசைத்தட்டுகளை ஆராய்ந்து 1977இல் வெளியிட்ட நூலில், இந்த மூன்றாம் ஸ்வரத்தை ஒற்றைப் புள்ளியாகக் கருதாமல் அடுத்தடுத்த சுருதிகளின் தொகுப்பாகவே விளக்கினார். கமகத்தோடு பழகிய காதுக்கு இதில் வியப்பில்லை. பியானோவின் கட்டைகளுக்குள் இசையை அடக்கிப் பழகியவர்களுக்குத்தான் இது நெடுங்காலம் பிழையாகத் தோன்றியது. ஆக, அந்தர காந்தாரத்தை நிலையாகக் கொண்ட ஒரு கருவியில், அந்த நிலைக்குக் கட்டுப்படாத ஒரு குரலை எழுப்புவது எப்படி என்பதே மடி ப்ளூஸ் வாசிப்பவரின் அடிப்படைக் கேள்வி.

அதற்குப் பெரிதும் பயன்பட்ட சுருதி அமைப்புகள் இரண்டு. கனமான ஆறாம் தந்தியிலிருந்து மெல்லிய முதல் தந்தி வரை எண்ணினால், ஓபன் டி எனப்படுவது ச, ப, ச, க, ப, ச என்று அமைகிறது. வழக்கமான சுருதியில் உள்ள கிட்டாரின் முதல் தந்தி, இரண்டாம் தந்தி, ஆறாம் தந்தி ஆகியவற்றை ஒரு முழு ஸ்வரமும் மூன்றாம் தந்தியை அரை ஸ்வரமும் தளர்த்தினால் அது கிடைத்துவிடும்; இதே உறவை ஒரு முழு ஸ்வரம் மேலே ஏற்றிக் கட்டினால் ஓபன் இ. மற்றொன்று ப, ச, ப, ச, க, ப என அமையும் ஓபன் ஜி. அதை ஏற்றிக் கட்டினால் ஓபன் ஏ. தளர்த்துவதா ஏற்றுவதா என்பது பாடுபவரின் குரலையும் கருவியின் வலிமையையும் பொறுத்தது. பழைய கலைஞர்கள் முதலாவதை வெஸ்டபோல் என்றும் இரண்டாவதை ஸ்பானிஷ் என்றும் அழைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரவேற்பறைகளில் கிட்டார் பயின்ற வெள்ளையினப் பெண்களுக்காக அச்சிடப்பட்டு வந்த ‘செபாஸ்டபோல்’, ‘ஸ்பானிஷ் ஃபண்டாங்கோ’ என்னும் இரு பயிற்சிப் பாடங்களின் பெயர்களே இவ்வாறு நிலைத்தன. இரண்டையும் சின்சினாட்டியில் கிட்டார் கற்பித்த ஹென்றி வொரலின் பெயரோடு இணைத்துச் சொல்வது வழக்கம். படிக்காத உழைப்பாளிகளின் இசை என்று சொல்லப்பட்ட ப்ளூஸ், அச்சுப் பாடப் புத்தகத்தின் சுருதியை எடுத்துத் தன் தேவைக்கு வளைத்துக்கொண்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஓபன் டியில் ஸ்டீலை எங்கும் வைக்காமல் தந்திகளை மீட்டினால் ஆதார கார்டு ஒலிக்கும். ஐந்தாம் மெட்டில் நேராக வைத்தால் மத்தியமத்தை ஆதாரமாகக் கொண்ட கார்டும், ஏழாம் மெட்டில் பஞ்சமத்தை ஆதாரமாகக் கொண்ட கார்டும், பன்னிரண்டில் மீண்டும் ஆதார கார்டு ஒரு ஸ்தாயி மேலேயும் கிடைக்கும். பன்னிரண்டு தாள அளவுகளில் சுழலும் ப்ளூஸ் பாடலுக்கு இம்மூன்று கார்டுகளே அடிப்படை என்பதால், மூன்றே இடங்களில் ஒரு முழுப் பாடலும் அடங்கிவிடுகிறது. தொடக்கநிலை மாணவர் இந்த எளிமையைக் கண்டு மகிழ்ந்து அங்கேயே நின்றுவிடுவதுண்டு. ஆனால் மூன்றாம் மெட்டில் என்ன நிகழ்கிறது என்று பார்க்கவேண்டும். அங்கு ஸ்டீலை நேராக வைத்தால் முதல் தந்தியில் சாதாரண காந்தாரமும், இரண்டாம் தந்தியில் கைசிகி நிஷாதமும், மூன்றாம் தந்தியில் பஞ்சமமும் ஒலிக்கின்றன. ப்ளூஸின் குரலுக்கு வேண்டிய மூன்று ஸ்வரங்களும் ஒரே கோட்டில் வரிசையாக நிற்கின்றன. ஐரோப்பியப் பாடத்துக்காக அமைந்த சுருதியில், அந்தப் பாடம் எதிர்பார்த்திராத இடத்தில், வேறொரு மக்களின் இசை தனக்கான ஸ்வரங்களைக் கண்டெடுத்தது. பத்தாம் மெட்டும் பதினைந்தாம் மெட்டும் இதே வகையில் பயன்படுகின்றன.

இனி அந்தக் காந்தாரத்தை அருகில் சென்று பார்க்கலாம். லேப் ஸ்டீல்களில் பரவலாகக் காணப்படும் தந்தி நீளம் 22.5 அங்குலம், அதாவது ஏறத்தாழ 571 மில்லிமீட்டர். அந்த நீளத்தில் மூன்றாம் மெட்டின் கோடு தலைப்பக்க மேருவிலிருந்து 91 மில்லிமீட்டரிலும் நான்காம் மெட்டின் கோடு 118 மில்லிமீட்டரிலும் விழுகின்றன. சட்ஜத் தந்தியில் முதலாவது சாதாரண காந்தாரம், இரண்டாவது அந்தர காந்தாரம். ஆகவே ப்ளூஸ் காந்தாரம் உலவும் வெளி முழுவதும் 27 மில்லிமீட்டருக்குள் அடங்குகிறது. ஒரு ஸ்தாயி மேலே, பதினைந்தாம் பதினாறாம் மெட்டுகளுக்கிடையே, அந்த வெளி பாதியாகச் சுருங்கி 13.5 மில்லிமீட்டராகிறது. ஆள்காட்டி விரலின் அகலத்தைவிடக் குறைவான அந்த இடத்தில்தான் வாசிப்பவர் அழுகையும் ஏளனமும் ஆறுதலுமாகப் பல வண்ணங்களை வேறுபடுத்திக் காட்டவேண்டியிருக்கிறது. ஸ்டீல் கனமாக இருப்பதும், அதை இறுகப் பிடிக்காமல் தந்திமேல் தன் எடையிலேயே உட்காரவிடுவதும், அதன் பின்னால் வரும் விரல்கள் தந்தியை மெல்லத் தொட்டு வேண்டாத அதிர்வை அடக்குவதும் இந்தச் சிறு வெளியைத் தெளிவாக ஒலிக்கவைக்கும் நுட்பங்கள்.

ஓபன் டியின் நான்காம் தந்தி சட்ஜம். மூன்றாம் தந்தி அதற்கு மேலுள்ள அந்தர காந்தாரம். ஸ்டீலின் முனை நான்காம் தந்தியோடு முடியும்படி வைத்து, அதை மூன்றாம் மெட்டிலிருந்து நான்காம் மெட்டை நோக்கி மெதுவாக நகர்த்திக்கொண்டே, தொடப்படாத மூன்றாம் தந்தியையும் சேர்த்து மீட்டினால், ஒரே காந்தாரத்தின் நிலையான உருவமும் அதை நோக்கி ஏறும் உருவமும் ஒருசேரக் கேட்கும். இரண்டு ஒலிகளும் நெருங்க நெருங்க அவற்றுக்கிடையே எழும் துடிப்பு வேகம் தணிந்து, இணையும்போது மறைகிறது. துடிப்பு மறைவதற்குச் சற்று முன்னரே ஸ்டீலை நிறுத்திவிடுவதுதான் ப்ளூஸ். அதைக் கடந்து சென்று இணைத்துவிட்டால் ஹவாய்ப் பாடலின் இனிமை வந்துவிடுகிறது. ஒரே கருவி, ஒரே சுருதி, ஒரே அசைவு. சில மில்லிமீட்டர் முன்னதாக நிற்பதில் இரு இசைமரபுகள் பிரிகின்றன. ஓபன் ஜியில் இதே செயலை மூன்றாம் தந்திக்கும் இரண்டாம் தந்திக்கும் இடையே நிகழ்த்தலாம்.

காந்தாரத் தந்தியை எவ்வளவு உயரத்தில் கூட்டுவது என்பதும் சுருதி பற்றிய கேள்வியே. பியானோவின் சமப் பகுப்பில் ஒரு ஸ்தாயி 1200 சென்ட் எனப்படும் நுண்ணளவுகளாகவும் ஓர் அரை ஸ்வரம் 100 சென்டாகவும் கணக்கிடப்படுகின்றன. அதன்படி அந்தர காந்தாரம் 400 சென்ட். இயற்கையான மேற்சுரங்களின் விகிதப்படி, அதாவது ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில், அது ஏறத்தாழ 386 சென்ட் மட்டுமே. மின்னணுக் கருவியைப் பார்த்துக் காந்தாரத் தந்தியை 400இல் நிறுத்தினால், மடி கிட்டாரின் எல்லாக் கார்டுகளிலும் ஒரு கரகரப்பு ஒலிக்கும், ஏனென்றால் அந்தப் பிழை ஸ்டீலோடு சேர்ந்து எல்லா மெட்டுகளுக்கும் பயணம் செய்கிறது. அதனால்தான் தேர்ந்தவர்கள் அந்தத் தந்தியை 14 சென்ட் அளவுக்கு இறக்கி, காதால் கேட்டுச் சேர்க்கிறார்கள். ஸ்டீலைக் கொண்டு அதே வேறுபாட்டை நான்காம் மெட்டருகே உண்டாக்க வேண்டுமானால் கோட்டுக்கு ஏறத்தாழ 3.7 மில்லிமீட்டர் முன்னே நிற்கவேண்டும். தம்புராவுக்குச் சுருதி சேர்த்துப் பழகியவர்கள் இதற்கு விளக்கம் கேட்கமாட்டார்கள்.

ஓபன் டிக்கும் ஓபன் ஜிக்கும் உள்ள வேறுபாடு உச்சித் தந்தியில் வெளிப்படுகிறது. முன்னதில் முதல் தந்தி சட்ஜம் என்பதால், பன்னிரண்டாம் மெட்டில் பாடல் உச்சிக்குப் போனதும் வீடு வந்து சேர்ந்த உறுதி கிடைக்கிறது. அங்கிருந்து மூன்று மெட்டு ஏறினால் சாதாரண காந்தாரத்தின் முறையீடு. எல்மோர் ஜேம்ஸ் 1951இல் பதிவு செய்த ‘டஸ்ட் மை புரூம்’ பாடலின் புகழ்பெற்ற தொடக்கம் இந்தப் பன்னிரண்டாம் மெட்டின் உச்சித் தந்திகளிலேயே நிற்கிறது. அவர் மடியில் வைத்து வாசித்தவரல்லர் என்றாலும், அந்தச் சுருதி எத்தகைய உறுதியைத் தருகிறது என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. ஓபன் ஜியில் உச்சியில் இருப்பது பஞ்சமம். பாட்டு மேலே தங்காமல் உள்தந்திகளில் உள்ள சட்ஜத்தை நோக்கி இறங்கவேண்டியிருப்பதால், பாடலுக்கு ஓர் ஏக்கம் இயல்பாகவே அமைந்துவிடுகிறது. புளூகிராஸ் இசையில் டோப்ரோ என்னும் மடி கிட்டார் வாசிப்பவர்கள் கையாளும் ச, க, ப, ச, க, ப என்னும் அமைப்பு ப்ளூஸில் அவ்வளவாக வேரூன்றவில்லை. தாழ்ந்த ஸ்தாயியில் காந்தாரம் நெருங்கி நிற்பது ஒலியைக் கலங்கலாக்குவதோடு, கட்டைவிரல் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மாறிமாறித் தட்டிக்கொண்டே இருக்கவேண்டிய தனிப்பாடகரின் தாளத்துக்கும் அது இடையூறாகிறது.

இந்த நுட்பங்களை இசைத்தட்டில் ஏற்றியவர்களுள் கென்டக்கியின் லூயிவில் நகரைச் சேர்ந்த சில்வெஸ்டர் வீவர் முன்னோடி. ஓக்கே நிறுவனத்துக்காக 1923இல் அவர் வாசித்த ‘கிட்டார் ரேக்’ வழுக்கு கிட்டாரின் முதல் பதிவுகளுள் ஒன்று. வெள்ளையினக் கலைஞர் லியோன் மெக்காலிஃப் 1936இல் பாப் வில்ஸ் குழுவோடு பதிவு செய்து பெரும்புகழ் பெற்ற ‘ஸ்டீல் கிட்டார் ரேக்’ அதிலிருந்து உருவானதே. மடி ப்ளூஸுக்கென்று ஒரு வட்டாரப் பள்ளி உண்டென்றால் அது லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரத்தைச் சுற்றியது. அங்கே தெருவில் வாசித்து வாழ்ந்த ஆஸ்கர் ‘படி’ வுட்ஸ், பின்னாளில் அம்மாநில ஆளுநரான ஜிம்மி டேவிஸ் என்ற வெள்ளையினப் பாடகருக்கு 1932இல் ஒலிப்பதிவுக் கூடத்தில் பக்கம் வாசித்தார். இன ஒதுக்கல் சட்டமாக இருந்த தெற்கில் அது அரிய நிகழ்வு. 1936இல் வுட்ஸ் ‘லோன் வுல்ஃப் ப்ளூஸ்’ பாடலைப் பதிவு செய்தார். அவரிடம் கற்ற டெக்சஸ்காரரான பி. கே. டர்னர், பிளாக் ஏஸ் என்னும் பெயரில் ஃபோர்ட் வொர்த் வானொலியில் பாடி, 1937இல் டெக்கா நிறுவனத்துக்காக ஆறு பாடல்கள் பதிவு செய்தபின் ஏறத்தாழ மறக்கப்பட்டுவிட்டார். 1960இல் பால் ஆலிவரும் கிறிஸ் ஸ்ட்ராக்விட்சும் அவரைத் தேடிக் கண்டு ஆர்ஹூலி நிறுவனத்துக்காகப் பதிவு செய்திராவிட்டால், உலோக உடல் கொண்ட நேஷனல் கிட்டாரை மடியில் கிடத்திப் பாடும் அந்தக் கலையின் முழு வடிவம் தெளிவான ஒலியில் நமக்குக் கிடைத்தே இராது. அப்பதிவுகளில் குரல் ஒரு வரியைப் பாதியில் விட, உச்சித் தந்தி அந்த வரியின் மீதியைப் பாடி முடிக்கிறது. காந்தாரம் இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்பதைக் கூர்ந்து கேட்டால் உணரலாம்.

ஜார்ஜியாவில் பிறந்து சிகாகோவில் கள்ளச்சாராயம் காய்ச்சிப் பிழைத்த கொகோமோ ஆர்னால்ட் இடக்கையர். கிட்டாரை மடியில் கிடத்திப் பாய்ச்சலான வேகத்தில் வாசித்தார். 1934இல் அவர் பதிவு செய்த ‘மில்க் கௌ ப்ளூஸ்’ இருபது ஆண்டுகள் கழித்து எல்விஸ் பிரெஸ்லியிடம் வந்து சேர்ந்தது. அதே தட்டின் மறுபக்கத்திலிருந்த ‘ஓல்ட் ஒரிஜினல் கொகோமோ ப்ளூஸ்’ ராபர்ட் ஜான்சனின் ‘ஸ்வீட் ஹோம் சிகாகோ’வுக்கு அடித்தளமாயிற்று. டெல்டாவின் தலைமகனாகப் போற்றப்படும் ஜான்சனே ஒரு மடி கிட்டார்க்காரரிடம் கடன்பட்டிருக்கும்போது, அந்த மரபை ஓரத்தில் ஒதுக்கி எழுதுவதற்கு நியாயமில்லை. அதே காலத்தில் ‘ஹவாயன் கிட்டார் விசார்ட்’ என்று தட்டுகளில் விளம்பரப்படுத்தப்பட்ட கேசி பில் வெல்டன், நகரத்து ப்ளூஸுக்குள் ஹவாயின் வழவழப்பைத் துணிந்து கலந்தார். தூய்மை தேடும் விமர்சகர்கள் அவரைக் குறைத்து மதிப்பிட்டதுண்டு. கலப்பையே பிறப்பாகக் கொண்ட ஓர் இசையில் அவரிடம் மட்டும் தூய்மை கேட்பது பொருத்தமற்றது.

மின்சாரம் முதலில் வந்ததும் மடி கிட்டாருக்கே. ஜார்ஜ் போஷாம்ப் வடிவமைத்து 1932 முதல் விற்பனைக்கு வந்த, ‘வாணலி’ என்று செல்லப்பெயர் பெற்ற அலுமினிய ரிக்கன்பேக்கர், வணிக அளவில் வெற்றிபெற்ற முதல் மின் கிட்டார். ஒலி நீண்டு நிற்கத் தொடங்கியதும் சுருதி அமைப்புகளும் பெருகின. ச, க, ப, த, ச, க என அமையும் சி சிக்ஸ்த் ஒரே இடத்தில் மேஜர் எனப்படும் பெரிய கார்டையும், அதன் தைவதத்தை ஆதாரமாகக் கொண்ட, மைனர் எனப்படும் சிறிய கார்டையும் தருவதால், டெக்சஸின் வெஸ்டர்ன் ஸ்விங் நடன இசைக்கு மிகவும் ஏற்றதாயிற்று. ஆனால் ப்ளூஸின் உயிரான கைசிகி நிஷாதம் அதில் எங்கும் நேர்கோட்டில் கார்டோடு சேராது. ஓபன் டியிலும் அந்தர காந்தாரத்தையும் கைசிகி நிஷாதத்தையும் ஒருங்கே ஒலிக்கச்செய்ய, மூன்றாம் தந்தியில் பன்னிரண்டாம் மெட்டையும் முதல் தந்தியில் பத்தாம் மெட்டையும் தொடும்படி ஸ்டீலைச் சாய்த்துப் பிடிக்கவேண்டும். இரு தந்திகளின் இடைவெளிக்குள் 35 மில்லிமீட்டர் சாய்வு என்பது சுத்தமாக நிற்பதற்குக் கடினமானது. ப, நி, ச, க, ப, ச என்று நிஷாதத்தையே ஒரு தந்தியாகக் கட்டும் இ செவன்த் அமைப்பு அந்தக் குறையைத் தீர்க்கிறது. அதற்கு விலையும் உண்டு: நிஷாதம் எப்போதும் உடனிருப்பதால், அது வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு குன்றிவிடுகிறது. ஹூஸ்டனின் ஹாப் வில்சன், டெக்சஸில் பிறந்து கலிபோர்னியாவுக்குப் போன எல். சி. ராபின்சன், எர்ல் ஹூக்கரின் குழுவில் வாசித்த ஃப்ரெடி ரூலெட், தலைப்பாகையோடு மேடையேறிய சன்னி ரோட்ஸ் ஆகியோர் மின் லேப் ஸ்டீலை ப்ளூஸில் உயிர்ப்போடு வைத்திருந்தவர்கள். 1930களில் ஹவாய் ஆசிரியர் ஒருவரிடம் பிலடெல்பியாவில் ட்ரோமன் ஈசன் கற்ற வித்தை, அவருடைய தம்பி வில்லி ஈசனின் வழியே ‘ஹவுஸ் ஆஃப் காட்’ தேவாலயங்களில் பாடகரின் குரலையே ஒற்றைத் தந்தியில் எழுப்பும் வழிபாட்டு இசையாகப் பரவி இன்றும் தொடர்கிறது.

ப்ளூஸ் பாடல்களைக் குறிமானப்படுத்தி வெளியிடும் நூல்களும் இசைத்தட்டு அட்டவணைகளும் பாடகர், ஊர், தேதி, தட்டின் எண் ஆகியவற்றைக் கவனமாகத் தருகின்றன. கருவி மடியில் இருந்ததா மார்பில் இருந்ததா, தந்திகள் எப்படிக் கூட்டப்பட்டிருந்தன என்பதைப் பல இடங்களில் விட்டுவிடுகின்றன. இந்த இரு செய்திகள் இல்லாமல் ஒரு மடி ப்ளூஸ் பாடலின் குறிமானத்தை மீண்டும் வாசித்துக் காட்ட எவராலும் முடியாது. ராகத்தின் பெயரைச் சொல்லாமல் கீர்த்தனையை அச்சிடுவதை ஏற்காத வாசகர்கள், இந்தப் பதிவுகளைக் கேட்கத் தொடங்கும்போது சுருதி அமைப்பையே முதலில் கேட்டறிய வேண்டும்; பிளாக் ஏஸின் 1960ஆம் ஆண்டுப் பதிவுகள் அதற்குத் தகுந்த தொடக்கம்.